வீடு கூடினால் குழாய் கனமாகணும்!

(பெருங்களத்தூரில் விவசாயிகளும் குடியிருப்போரும் சேர்ந்து நடத்திய விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! முடிச்சூர், ஆதனூர், மண்ணிவாக்கம், படப்பை பக்கமிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற தோழர்களே! இந்த ஊர் குடியிருப்போர் நலச் சங்கங்களிலிருந்து வந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே! 

"எரிவாயுக் குழாய் பிரச்சினைன்னா அது கோயம்புத்தூர், திருப்பூர் விவசாயி பிரச்சினை. இல்லன்னா டெல்டா விவசாயி பிரச்சினை. பெருங்களத்தூர்ல எதுக்கு கூட்டம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்குகிறேன்.

இந்த ஊர் பெயரிலேயே களம் இருக்கிறது. அது நெற்களமா போர்க்களமா என்று புலவர்கள் பேசிக்கொள்ளட்டும். ஏரித் தண்ணீர் மதகு வழியாக வந்து நெல் விளைந்த ஊர் இது என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற வயசானவர்களுக்குத் தெரியும். 2001 மக்கள்தொகைக் கணக்கில் பெருங்களத்தூரில் இருபதாயிரத்தை ஒட்டித்தான் ஜனம். 2011 கணக்கில் முப்பத்தேழாயிரத்தைத் தாண்டிவிட்டது. பத்தே வருஷத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேரூராட்சியாக இருந்த ஊர் 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. வரப்பு இருந்த இடத்தில் இன்றைக்கு நாலு மாடி, அஞ்சு மாடி.

எரிவாயுக் குழாயின் பாதுகாப்பு என்பது பக்கத்தில் எத்தனை வீடு இருக்கிறது என்ற கணக்கின் மேல்தான் நிற்கிறது. வீடு குறைவாக இருக்கிற இடம் என்று கணக்குப் போட்டுக் குழாயைப் பதிக்கிறார்கள். குழாய் மண்ணுக்குள் முப்பது நாற்பது வருஷம் கிடக்கும். அந்த முப்பது வருஷத்தில் ஒரு வயற்காடு என்ன ஆகும் என்பதற்கு பெருங்களத்தூரைவிடச் சாட்சி வேண்டுமா? அதனால்தான் கூட்டம் இங்கே.

அவர்கள் எப்படி எண்ணுகிறார்கள்?

கம்பெனிக்காரர்கள் நம்மிடம் காட்டாத கணக்கு ஒன்று இருக்கிறது. ரகசியம் ஒன்றுமில்லை, அரசிதழில் வந்த விதிதான். பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2009இல் இயற்கை எரிவாயுக் குழாய்களுக்கான தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ரொம்ப காலமாக இருக்கிற முறையை ஒட்டியது அது.

குழாயின் இந்தப் பக்கம் 200 மீட்டர், அந்தப் பக்கம் 200 மீட்டர். ஆக 400 மீட்டர் அகலம். நீளம் 1.6 கிலோமீட்டர். இந்தத் துண்டுக்குள் மனிதர் குடியிருக்கிற, புழங்குகிற கட்டடம் எத்தனை என்று எண்ண வேண்டும். நம்ம கணக்கில் சொன்னால் அந்தத் துண்டு சுமார் 158 ஏக்கர்.

அந்த 158 ஏக்கரில் 10 கட்டடம் வரை இருந்தால் முதல் வகுப்பு. 10க்கு மேல், 46க்குக் கீழ் என்றால் இரண்டாம் வகுப்பு. 46ம் அதற்கு மேலும் என்றால் மூன்றாம் வகுப்பு. நாலு மாடியும் அதற்கு மேலுமான கட்டடங்கள் நிறைந்து, போக்குவரத்து நெருக்கமாக, மண்ணுக்குள் வேறு குழாய்களும் கேபிள்களும் ஓடுகிற இடம் நாலாம் வகுப்பு.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுக்குமாடி என்றால் அதை ஒரே கட்டடம் என்று எண்ணக்கூடாது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு குடியிருப்பும் தனிக் கணக்கு. ஒரு அப்பார்ட்மென்டில் 12 வீடு இருந்தால் கணக்கு 12. அந்த ஒரே அப்பார்ட்மென்ட் முதல் வகுப்பை இரண்டாம் வகுப்பாக்கிவிடும். அப்படி நாலு அப்பார்ட்மென்ட் எழும்பினால் 48. மூன்றாம் வகுப்பு வந்தாச்சு.

மனைப்பிரிவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு 18 கிரவுண்டு. சாலைக்கும் பூங்காவுக்கும் போக மீதியை அரை கிரவுண்டு மனையாகப் போட்டால் ஏக்கருக்கு இருபதுக்குக் குறையாமல் மனை விழும். மூணு ஏக்கர் மனைப்பிரிவு ஒன்று நிரம்பினால் 46 தாண்டிவிடும். முடிச்சூர் சாலையில் மூணு ஏக்கர் மனைப்பிரிவு நிரம்ப எத்தனை வருஷம் ஆச்சு என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்ணிக்கை மாறினால் என்ன மாறும்?

குழாயின் கனம் மாறும். இந்தப் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஒரு எஃகுக் குழாய் எவ்வளவு அழுத்தத்தில் இழுபட ஆரம்பிக்குமோ அந்த எல்லையை 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் வகுப்பு இடத்தில் அந்த எல்லையில் 72 வரை அழுத்தம் ஏற்றலாம் என்கிறது விதி. இரண்டாம் வகுப்பில் 60. மூன்றாம் வகுப்பில் 50. நாலாம் வகுப்பில் 40தான். அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டுமானால் குழாயின் சுவரைத் தடிமனாக்கித்தான் இதைச் செய்ய முடியும்.

பேச்சுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 24 அங்குல விட்டமுள்ள குழாய். உள்ளே 90 பார் அழுத்தம். எக்ஸ்-70 என்று சொல்லப்படுகிற உயர்ரக எஃகு. முதல் வகுப்பு இடத்துக்கு 8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கனமே போதும் என்று கணக்கு வரும். இரண்டாம் வகுப்புக்கு சுமார் 9 அரை. மூன்றாம் வகுப்புக்கு 11க்கு மேல். நாலாம் வகுப்புக்கு 14க்கு மேல். எட்டும் பதினாலும்! கிட்டத்தட்ட 1.8 மடங்கு எஃகு.

90 பார் என்றால் எவ்வளவு? லாரி டயரில் 100 பவுண்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே காற்று அடிக்கிறோம். 90 பார் என்பது 1,300 பவுண்டு. லாரி டயரைப் போல 13 மடங்கு. அந்த டயர் வெடித்தாலே பக்கத்தில் நிற்க முடியாது. இதில் உள்ளே இருப்பது எரிகிற வாயு.

வால்வு வைக்கிற தூரமும் மாறும். முதல் வகுப்பில் 32 கிலோமீட்டருக்கு ஒரு வால்வு இருந்தால் போதும். இரண்டாம் வகுப்பில் 24, மூன்றாம் வகுப்பில் 16, நாலாம் வகுப்பில் 8 கிலோமீட்டருக்கு ஒன்று. குழாய் உடைந்து தீப்பிடித்தால் இரண்டு பக்க வால்வையும் மூடுவார்கள். மூடிய பிறகும் நடுவில் அடைபட்டிருக்கிற வாயு முழுவதும் எரிந்து தீர வேண்டும். 8 கிலோமீட்டர் குழாயில் உள்ள வாயு எரிவதும் 32 கிலோமீட்டர் குழாயில் உள்ள வாயு எரிவதும் ஒன்றா?

ஏன் வயலைத் தேடி வருகிறார்கள்?

இப்போது கோவை, திருப்பூர் விவசாயியின் பிரச்சினை நமக்குப் புரியும். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு கெயில் நிறுவனம் குழாய் போட வந்தது. தமிழ்நாட்டில் 310 கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று 7 மாவட்டம். தேசிய நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது, ஆனால் குழாய் மட்டும் தென்னந்தோப்புக்கும் கிணற்றுக்கும் நடுவில் வருகிறது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2013இல் தமிழக அரசு, விளைநிலத்தில் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோ என்று உத்தரவு போட்டது. கம்பெனி வழக்குப் போட்டது. 2013 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தமிழக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

அதே கோவை மாவட்டத்தில் இருகூரிலிருந்து கர்நாடகத்தின் தேவனகொந்தி வரை பாரத் பெட்ரோலியத்தின் எண்ணெய்க் குழாய்க்கும் விவசாயிகள் அதே கோரிக்கையை வைத்துத்தான் போராடினார்கள். மயிலாடுதுறை பக்கம் மாதானம் முதல் மேமாத்தூர் வரை குழாய் பதித்தபோது பயிர் நிற்கிற வயலில் இயந்திரத்தை இறக்கினார்கள். தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் ஓடியது. கேட்ட மக்கள் மேல் தடியடி, கைது.

சாலையோரம் ஏன் போகவில்லை? அவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். நாம் விதியையே எடுத்துப் பார்ப்போம். சாலையோரத்தில் கடை, ஓட்டல், பள்ளி, ஊர் எல்லாம் இருக்கும். எண்ணிக்கை 46ஐத் தாண்டும். குழாய் தடிமனாகப் போட வேண்டும். வால்வு அதிகம் வைக்க வேண்டும். வயற்காட்டில் 158 ஏக்கருக்கு ஐந்து வீடு, ஆறு வீடு. முதல் வகுப்பு. குழாய் மெல்லிசு, வால்வு குறைவு, நிலத்துக்குக் கொடுக்கிற பணமும் குறைவு. நிலமும் மலிவு, எஃகும் மிச்சம்.

ஒரு கேள்வி கேட்கிறேன். எண்ணுவது கட்டடத்தை. நாற்று நடுகிற பத்து பெண்கள் காலையிலிருந்து மாலை வரை குழாய் மேலேயே நிற்கிறார்கள். அவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? மாடு மேய்க்கிறவர், மோட்டார் போடப் போகிறவர், களத்தில் படுத்துத் தூங்குகிறவர், இவர்கள் கட்டடம் இல்லையே! விவசாயி வீடு ஊருக்குள் இருக்கிறது, உயிர் வயலில் இருக்கிறது. வீடு இல்லாத இடம் ஆள் இல்லாத இடம் என்று நினைக்கிற கணக்கு நம்ம ஊர் வேலை தெரியாதவன் போட்ட கணக்கு.

வெடித்தால் என்ன ஆகும்?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2014 ஜூன் 27 விடியற்காலை. ஆந்திராவில், அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டம், நகரம் என்ற கிராமம். கெயில் குழாய் கசிந்து வாயு பரவி, தீப்பற்றியது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடக்கூட நேரமில்லை. 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடுகள், கடைகள், தென்னை மரங்கள் எல்லாம் கருகின. ஈரமில்லாத வாயுவுக்காகப் போட்ட குழாயில் தண்ணீர் கலந்த வாயு போனதும், உள்ளே துரு அரித்ததும் விசாரணையில் பேசப்பட்டன. குழாய்க்குப் பக்கத்திலேயே ஊர் இருந்தது. ஊர் நெருக்கம், குழாய் பழசு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நகரம் கிராமமே உதாரணம்.

அமெரிக்காவில் மட்டும் நடக்காதா? 2010 செப்டம்பர் 9, கலிபோர்னியாவில் சான் புரூனோ என்ற ஊர். 1956இல் பதித்த 30 அங்குலக் குழாய். குடியிருப்புக்கு நடுவில் வெடித்தது. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. வாயுவை நிறுத்தவே 95 நிமிஷம் ஆனது. விசாரித்தால், ஆவணத்தில் தையல் இல்லாத குழாய் என்று எழுதியிருக்கிறது. மண்ணுக்குள் இருந்ததோ தையல் பற்றவைத்த குழாய், அதுவும் சரியாகப் பற்றவைக்காதது. காகிதத்தில் ஒன்று, மண்ணுக்குள் ஒன்று! பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி.

பெல்ஜியத்தில் கிலங்கியான் என்ற இடத்தில் 2004 ஜூலை 30 அன்று வெடித்து 24 பேர் இறந்தார்கள். தொழிற்பேட்டைக் கட்டுமான வேலையில் மண் வேலை இயந்திரம் குழாயைக் காயப்படுத்தியிருந்தது. நம்ம ஊரில் எத்தனை ஜேசிபி ஓடுகிறது? கால்வாய்க்கு ஒன்று, மெட்ரோ வாட்டர்காரர்களுக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று, அஸ்திவாரத்துக்கு ஒன்று. ஊர் வளர்ந்தால் வீடு மட்டுமா கூடுகிறது? குழி தோண்டுகிறவனும் கூடுகிறான். வீடு கூடினால் குழாய் கனமாக இருக்க வேண்டும் என்று விதி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த வாய்ப்பாட்டின்படி 24 அங்குலக் குழாய், 90 பார் என்றால் சுமார் 180 மீட்டர். 36 அங்குலமாக இருந்தால் சுமார் 270 மீட்டர். எண்ணுவதோ 200 மீட்டர் வரைதான். பெரிய குழாயாக இருந்தால் எண்ணாத இடத்திலும் தீ வரும் என்று அர்த்தம்.

தெருவில் வீட்டு அடுப்புக்கு வருகிற பிளாஸ்டிக் குழாயையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் ஓடுவது 4 பார் அளவுக்குள்தான், வீட்டுக்குள் வரும்போது அதிலும் மிகக் குறைவு. அதற்குத் தனி விதி இருக்கிறது. நாம் பேசுவது ஊர் விட்டு ஊர் போகிற பெரிய குழாயைப் பற்றி.

சட்டம் யாரைக் கட்டுகிறது?

1962இல் வந்த பெட்ரோலியம், கனிமக் குழாய்ப்பாதைச் சட்டம். நிலத்தை வாங்குவதில்லை. பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். 'பயன்பாட்டு உரிமை' மட்டும் அவர்களுக்குப் போகும். அதற்குப் பிறகு அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு, குளம் வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இழப்பீடு எவ்வளவு? அந்த நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்.

20 மீட்டர் அகலத்தில் குழாய்ப் பட்டை ஒரு சதுர ஏக்கர் நிலத்தின் குறுக்கே போகிறது என்று வையுங்கள். சுமார் 31 சென்ட் போய்விடும். ஏக்கர் 10 லட்சம் என்று வைத்தால் 31 சென்டுக்கு 3 லட்சத்துப் பத்தாயிரம். அதில் 10 சதவீதம் 31,000 ரூபாய். நிலத்தின் நடுவில் இப்படி ஒரு பட்டை கிடந்தால் மீதி 69 சென்டை யார் வாங்குவான்? எந்த வங்கி கடன் கொடுக்கும்? அதற்குக் கணக்கே கிடையாது. 2011இல் சட்டத்தைத் திருத்தி, குழாய்க்குச் சேதம் செய்தால் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். விவசாயியின் இழப்பீடு மட்டும் 10 சதவீதத்திலேயே நின்றுவிட்டது.

இப்போது குடியிருப்போர் சங்க நண்பர்கள் கவனமாகக் கேளுங்கள். தடை எல்லாம் அந்த 20 மீட்டர் பட்டைக்கு மட்டும்தான். பட்டைக்கு வெளியே ஐந்தாவது மாடி எழும்பினாலும் 1962 சட்டம் தடுப்பதில்லை. விவசாயி தன் நிலத்தில் மாட்டுக்கொட்டகை போட முடியாது. அதே நிலத்துக்குப் பக்கத்தில் பில்டர் 60 வீடு கட்டலாம். வாங்குகிற உங்களிடம் யாராவது குழாய் இருக்கிறது என்று சொல்வார்களா? விளம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம், ரயில் நிலையம் பக்கம் என்று இருக்கும். எரிவாயுக் குழாய் பக்கம் என்று இருக்காது.

ஆட்சேபணை தெரிவிக்க 21 நாள் என்கிறது சட்டம். யார் தெரிவிக்கலாம்? அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளவர். 150 மீட்டர் தள்ளி அப்பார்ட்மென்டில் இருக்கிறவர், பக்கத்துப் பள்ளியில் பிள்ளை படிக்கிறவர், இவர்களுக்கு அதில் இடமில்லை. வகுப்பைக் கணக்குப் போட உங்கள் வீட்டை எண்ணுவார்கள். உங்களைக் கேட்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறோம், இது விவசாயி பிரச்சினை மட்டும் இல்லை. விவசாயிக்கு நிலம் போகிறது, உங்களுக்கு நிம்மதி போகிறது. இரண்டு பேரும் ஒரே மேடையில் உட்கார வேண்டிய விஷயம் இது.

ஊர் வளர்ந்து வகுப்பு மாறினால் கம்பெனி என்ன செய்ய வேண்டும்? மறுபடி எண்ணி, ஆய்வு செய்து, அந்த வகுப்புக்குக் குழாய் தாங்காது என்றால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லை அந்தத் துண்டை எடுத்துவிட்டுக் கனமான குழாய் போட வேண்டும். இந்தத் துறையின் விதி இதுதான். ஆனால் எண்ணுவது யார்? கம்பெனியே. எண்ணினார்களா, எத்தனை வந்தது, எந்தத் துண்டு எந்த வகுப்பு என்று ஊராட்சியிலோ மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ பலகை போட்டு எழுதி வைத்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

"சாலையோரம் போட்டால் ஆபத்து இல்லையா?"

இந்தக் கேள்வியை நம்மை மடக்குவதற்காகக் கேட்பார்கள். பதிலைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆபத்து இருக்கிறது. குழாய் எங்கே போனாலும் இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையோரத்தில் போடும்போது ஆரம்பத்திலேயே மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்புக் கனத்தில் போட்டாக வேண்டும். குழாய் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தீயணைப்பு வண்டி வர வழி இருக்கும். வால்வு மூட ஆள் வர வழி இருக்கும். வயலுக்கு நடுவில் 95 நிமிஷத்தில்கூட வண்டி வந்து சேருமா? வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை போட எத்தனை விவசாயி நிலம் கொடுத்தான்! பொதுத் தேவைக்கு ஒரு தடவை கொடுத்த நிலத்தை ஒட்டியே குழாயும் கேபிளும் போகட்டும். ஒவ்வொன்றுக்கும் புதுசாக வயலைக் கிழிக்காதே என்கிறோம்.

எரிவாயு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணூரில் 2019இல் இறக்குமதி முனையம் வந்தது. அங்கிருந்து புதுச்சேரி, நாகை, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை இந்தியன் ஆயில் குழாய்த் திட்டம் போகிறது. தொழிற்சாலைக்கும் உரத்துக்கும் வாயு தேவைதான். ஆனால் தேவை எல்லோருக்கும், ஆபத்து விவசாயிக்கு மட்டும் என்ற கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

போராடினால் என்ன கிடைக்கும் என்று சலித்துப்போய்ப் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2017இல் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் முக்கம் பக்கத்தில் மக்கள் இதே குழாயை எதிர்த்து மறியல் செய்தார்கள். குழாயை நிறுத்த முடியவில்லை. 2021 ஜனவரியில் கொச்சி-மங்களூர் குழாய் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் மறியலுக்குப் பிறகு அந்த மாநில அரசு இழப்பீட்டை உயர்த்தியது. பத்து சென்டுக்குள் வைத்திருக்கிற ஏழைகளுக்குத் தனி நிவாரணமும் வீடு கட்ட இடமும் விட ஏற்பாடு செய்தது. தெருவுக்கு வராமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

நமது கோரிக்கைகள்

1. சென்னையைச் சுற்றிய எல்லா ஊர்களிலும், மாநகராட்சி, நகராட்சி எல்லையை ஒட்டிய விளைநிலங்களிலும் இனிமேல் பதிக்கிற குழாய் எதுவானாலும் இன்றைய வீட்டு எண்ணிக்கையைப் பார்த்துப் போடக் கூடாது. முப்பது வருஷம் கழித்து வரப்போகிற எண்ணிக்கையை வைத்து, நாலாம் வகுப்புக் கனத்தில் போட வேண்டும்.

2. ஏற்கெனவே உள்ள குழாய்களின் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு முறை வீடுகளை எண்ண வேண்டும். கம்பெனி ஆளுடன் கிராம நிர்வாக அலுவலரும், விவசாயிகள் பிரதிநிதியும், குடியிருப்போர் பிரதிநிதியும் உடன் இருக்க வேண்டும். முடிவைக் கிராம சபையிலும் மாநகராட்சியின் ஏரியா சபையிலும் வாசிக்க வேண்டும்.

3. வயலில் வேலை செய்கிறவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

4. வகுப்பு மாறிய இடத்தில் குழாயை மாற்றும் வரை அழுத்தத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும்.

5. சிஎம்டிஏவும் நகர் ஊரமைப்புத் துறையும் மனைப்பிரிவுக்கும் அடுக்குமாடிக்கும் அனுமதி கொடுக்கும்போது குழாய் வரைபடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 200 மீட்டருக்குள் குழாய் இருந்தால் விற்பனைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

6. 1962 சட்டத்தைத் திருத்த வேண்டும். 10 சதவீத இழப்பீடு ஒழிய வேண்டும். முழு நிலத்தின் மதிப்புக் குறைவுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். ஆட்சேபணை உரிமை 200 மீட்டருக்குள் வாழ்கிற எல்லோருக்கும் வேண்டும்.

7. விளைநிலத்தைத் தவிர்த்து, நெடுஞ்சாலை ஓரமாகவே குழாய்கள் போக வேண்டும்.

நோட்டீஸ் வந்தால்

கடைசியாக ஒரு வார்த்தை. எந்த ஊருக்காவது குழாய்க்கு நோட்டீஸ் வந்தால் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். "சும்மா அளந்து பார்க்கத்தான்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். நோட்டீஸில் உங்கள் சர்வே நம்பர் இருக்கிறதா பாருங்கள். அரசிதழ் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து 21 நாள்தான். ஆட்சேபணையை எழுத்து மூலம், தகுதி வாய்ந்த அலுவலருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதில் நான்கு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: என் நிலத்துக்கு எந்த வகுப்பு போட்டிருக்கிறீர்கள்? எத்தனை கட்டடம் எண்ணினீர்கள், எந்தத் தேதியில்? குழாயின் கனம் எத்தனை மில்லிமீட்டர்? இரண்டு பக்கமும் வால்வு எங்கே? பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சங்கம் எழுதிக் கொடுக்கும், காசு வேண்டாம்.

தோண்டுகிற வேலை எதுவானாலும், மஞ்சள் எச்சரிக்கைக் கல் பக்கத்தில் இருந்தால் அதில் எழுதியிருக்கிற எண்ணுக்குச் சொல்லாமல் மண்வெட்டி வைக்காதீர்கள். நாம் போராடுவது குழாயோடு இல்லை, குழாய் போட்ட கணக்கோடு. குழாய்க்கு ஒரு காயமும் நம்மால் வரக் கூடாது. வந்தால் முதலில் சாகிறவன் நம் ஆள்தான்.

விவசாயியும் குடியிருப்பவரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினால் கம்பெனி எண்ணிக்கையை மறைக்க முடியாது. ஊர் ஊராக இந்தத் துண்டறிக்கையைக் கொண்டுபோங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் ஊர் வீட்டுக் கணக்கோடு வாருங்கள்.

மலிவு நிலம் என்று எண்ணாதே!
மெல்லிசுக் குழாயைப் பதிக்காதே!
வயலில் நிற்கிறவனும் மனிதனே, அவனையும் எண்ணு!
விவசாயிகள் – குடியிருப்போர் ஒற்றுமை ஓங்குக!